மறைவில் கிடக்கும் கணக்கு

சேத்தூரில் ஒருவர் நோயுற்றால் இராஜபாளையத்துக்கும், நோய் முற்றினால் மதுரைக்கும் அழைத்துச் செல்கின்றனர். மருத்துவமனையின் கட்டணத்தையும் மருத்துவரின் பட்டங்களையும் குடும்பத்தார் கேட்டறிவர். மருந்துக்கு அடங்காத கிருமித்தொற்று அங்கேயே எத்தனை பேரைப் பற்றுகிறது என்பதை எவரும் கேட்பதில்லை. கேட்டாலும் விடை கிடைப்பது அரிது.

இத்தகைய தொற்றுகளால் 2019ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 12.7 லட்சம் பேர் மாண்டனர் என்பது ஆய்வாளர் மதிப்பீடு. 2012 ஆகஸ்டு 24 அன்று சென்னையில் கூடிய மருத்துவச் சங்கங்கள் இதனைத் தடுக்க வழி வகுத்தன. அதுவே சென்னைப் பிரகடனம். 2014 மார்ச் முதல், வலிமை மிக்க பல ஆன்டிபயாட்டிக் மருந்துகள் எச்1 அட்டவணையின்கீழ் வந்தன. அவற்றை விற்போர் நோயாளியின் பெயரையும் மருத்துவரின் பெயரையும் தனிப் பதிவேட்டில் எழுதுதல் கடமையாயிற்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் ஆண்டறிக்கை வெளியிடுகிறது. ஆயினும் அது பல மருத்துவமனைகளின் கணக்கைத் தொகுத்துரைப்பது. இன்ன மருத்துவமனையில் இத்தனை என்று உரைப்பதன்று.

இங்கிலாந்தில் 2001 முதல், எம்.ஆர்.எஸ்.ஏ. என்னும் கிருமி இரத்தத்தில் கலந்த நிகழ்வுகளை அரசு மருத்துவமனைகள் கட்டாயம் அறிவிக்க வேண்டுமென்று விதித்தனர். நிர்வாகம் வாரியாகக் கணக்கு வெளியாயிற்று. அத்தொற்றைப் பாதியாகக் குறைக்க 2004இல் வகுத்த இலக்கு 2008இல் நிறைவேறிற்று. எண்ணை வெளியிட்டதால் மட்டும் நோய் குறைந்துவிடவில்லை; கை கழுவுதலும், நரம்பில் ஏற்றும் குழாய்களைத் தூய்மையாகப் பேணுதலும் அதற்குத் துணை நின்றன. கணக்கு ஊரறிய நின்றமையால் அவற்றில் எவரும் சோர்ந்திருக்க இயலவில்லை.

ஆனால் எண்ணை மட்டும் கண்டு தீர்ப்புரைத்தல் தகாது. கடும் நோயாளரை ஏற்கும் பெரிய மருத்துவமனையில் தொற்று மிகுதியாகவே தோன்றும். இரத்தப் பரிசோதனையே செய்யாத இடத்தில் தொற்று இல்லாததுபோல் தோன்றும். உள்ளதை உரைப்பவர் பழியேற்று, மறைப்பவர் புகழ் பெற்றால், வாய்மை தோற்கும். ஆகவே, படுக்கை நாள் ஆயிரத்துக்கு எத்தனை தொற்று, எத்தனை பரிசோதனை என்பவற்றையும் சேர்த்தே வெளியிடுதல் வேண்டும்.

ஔஷத தானம் நம் முன்னோர் போற்றிய நால்வகைத் தானங்களுள் ஒன்று. மருத்துவமனைக்குப் பொருள் வழங்கும் குடும்பங்கள் அதனுடன் ஒரு கேள்வியையும் வழங்கலாம்: "தங்கள் தொற்றுக் கணக்கை ஊரார் காணுமாறு வெளியிடுவீர்களா?" பணிவோடு பலர் கேட்கும் கேள்விக்கு விடை வந்தே தீரும். தேவையற்ற ஆன்டிபயாட்டிக் மருந்தை உண்ணாமையும் மருத்துவர் குறித்த நாள்வரை உண்டு முடித்தலும் இல்லந்தோறும் காக்கத்தக்க நெறிகள்.