பதினொரு தடங்கள், ஒரு பாட்டு

ஆண்டுவிழா ஒலிப்பதிவு வெளியீட்டு நாளன்று சபை மண்டபத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்



ஆண்டுவிழாவுக்காக நாங்கள் பதிவு செய்த ஆறு பாடல்களும் எப்படி இந்த வடிவத்துக்கு வந்தன என்று சொல்லும்படி கேட்டார்கள். நான் பாடுகிறவன் அல்ல. பாடகர் குழுவில் சேர வந்தபோது என்னைப் பாடச் சொல்லிக் கேட்டுவிட்டு, மைக் கவனிக்கும் பொறுப்பைத் தந்தார்கள். மிச்சத்தை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

முதலில் பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டு. ஐந்து பேர் எழுந்து நில்லுங்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் உங்கள் பெயரைச் சொல்லுங்கள். யாருடைய பெயராவது விளங்கியதா? இல்லை. இப்போது கடைசியில் நிற்கும் தங்கச்சியின் பெயர் எங்களுக்குக் கேட்க வேண்டும். அவர் கத்தலாம். ஆனால் அவர் கத்தினால் மற்ற நால்வரும் கத்துவீர்கள். அதை எங்கள் வீடுகளில் தினமும் பார்க்கிறோம். இன்னொரு வழி, மற்ற நால்வரும் மெல்லச் சொல்வது. சொல்லுங்கள் பார்ப்போம். கேட்டதா? தங்கச்சி தன் சத்தத்தைக் கூட்டவே இல்லை. சரி, உட்காருங்கள். கணினியில் ஒரு பாட்டைக் கலந்து சரிசெய்கிற வேலையில் பெரும்பகுதி இதுதான். இது விளங்க எனக்கு மூன்று வாரம் எடுத்தது.

நாங்கள் பதிவு செய்தது இதே மண்டபத்தில், ஒரு சனிக்கிழமை. ஒவ்வொரு மைக்கில் விழுந்ததும் தனித்தனியாகப் பதிவாகும்படி மிக்சரை அமைத்தோம். அப்படித் தனியாக நிற்கும் ஒவ்வொன்றையும் தடம் என்று சொல்கிறோம். முன்பாட்டுப் பாடியவருக்கு ஒன்று, பெண்கள் குழுவுக்கு இரண்டு, ஆண்களுக்கு ஒன்று, பிள்ளைகளுக்கு ஒன்று, ஆர்மோனியம், வயலின், கீபோர்ட், பேஸ் கிட்டார் ஒவ்வொன்று, தபேலாவின் இரண்டு பக்கத்துக்கும் இரண்டு. ஆக 11 தடங்கள். 1967இல் பீட்டில்ஸ் குழுவினர் லண்டன் ஆபி ரோட்டில் தங்கள் புகழ்பெற்ற சார்ஜன்ட் பெப்பர் இசைத்தட்டைப் பதிவு செய்தபோது அவர்களிடம் இருந்தவை நான்கு தட இயந்திரங்கள். நான்கும் நிரம்பினால் அவற்றைக் கலந்து இன்னொரு நாடாவில் ஒரு தடமாக இறக்கி, மேற்கொண்டு சேர்ப்பார்கள். அப்படி இறக்கிய பிறகு உள்ளே ஒரு குரலை மட்டும் கூட்டவோ குறைக்கவோ முடியாது. எங்களுக்கோ 11 தடங்களும் கடைசிவரை தனித்தனியாகவே இருந்தன. இதை ஞாபகத்தில் வைத்திருங்கள், பிறகு வருகிறேன்.

பதிவுக்கு முன்னால் மண்டபத்தை அமைதிப்படுத்தினோம். சூடாக்கியின் காற்றாடியை நிறுத்தினோம். அதற்குப் பிறகும் ஒரு மெல்லிய ரீங்காரம். தேடிப்போனால் சமையலறைக் குளிர்சாதனப் பெட்டி. கனடாவில் மின்சாரம் செக்கனுக்கு 60 தடவை அதிர்கிறது, ஊரிலே 50. அந்த அதிர்வு இப்படியான பெட்டிகளின் மோட்டரில் உறுமலாகக் கேட்கும். பெட்டியின் வயரைக் கழற்றினோம். திரும்பப் போட மறந்தோம். மறுநாள் ஞாயிறு பாடசாலைக்கு வைத்திருந்த ஐஸ்கிரீம் என்ன ஆனது என்பது பிள்ளைகளுக்குத் தெரியும். மன்னியுங்கள்.

கலப்பதற்கு நான் பயன்படுத்தியது ஆடாசிட்டி என்ற மென்பொருள். 2000ஆம் ஆண்டிலிருந்து இலவசமாகக் கிடைக்கிறது. விரும்புகிற பிள்ளை இன்றிரவே வீட்டுக் கணினியில் இறக்கிக்கொள்ளலாம். 11 கோப்புகளையும் உள்ளே கொண்டுவந்தால் ஒன்றன் கீழ் ஒன்றாக நீல நிற அலைகளாக நிற்கும். ஒவ்வொன்றின் இடப்பக்கத்திலும் சத்தத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு ஸ்லைடர், சத்தத்தை இடது காதுக்கோ வலது காதுக்கோ நகர்த்த இன்னொன்று, பிறகு இரண்டு பொத்தான்கள். சோலோவை அழுத்தினால் அந்தத் தடம் மட்டும் கேட்கும். மியூட்டை அழுத்தினால் அது மட்டும் கேட்காது.

இங்கேதான் என் பிழைகள் தொடங்கின. பிள்ளைகள் நித்திரையான பிறகு, பேஸ்மென்டில், சத்தத்தை நன்றாகக் குறைத்துவைத்து வேலை செய்தேன். முன்பாட்டுக் குரல் போதவில்லை என்று கூட்டினேன். அப்போது தபேலா அமுங்கியது, அதையும் கூட்டினேன். பிறகு ஆர்மோனியம். கொஞ்ச நேரத்தில் மேலே அளவு காட்டும் கோடு சிவப்பாகியது. கணினியில் 0 டெசிபல் என்பது கூரை. அதற்கு மேலே போகிற சத்தம் கூரையில் இடித்துத் தட்டையாகும். காதுக்கு அது கரகரவென்று கேட்கும். ஒரே மாதிரியான இரண்டு சத்தங்களைச் சேர்த்தாலே 6 டெசிபல் ஏறிவிடும் என்றால், பதினொன்றும் சேர்ந்தால் எங்கே போகும் என்று பாருங்கள்.

பேஸ் கிட்டார் போதவில்லை என்று அதையும் ஏற்றியிருந்தேன். மண்டபத்தின் பெரிய ஸ்பீக்கரில் போட்டபோது யன்னல் அதிர்ந்தது. சத்தம் குறைவாக இருக்கும்போது எங்கள் காதுக்குத் தாழ்ந்த ஒலிகள் சரியாகக் கேட்பதில்லை. 1933இலேயே பிளெச்சர், மன்சன் என்ற இருவர் இதை அளந்து காட்டியிருக்கிறார்கள். நடுச்சாமத்தில் மெல்ல வைத்துக் கேட்டு, கேட்காததைக் கூட்டினால் பகலில் இப்படித்தான் வரும். சாதாரணமாக ஒருவர் கதைக்கிற அளவுச் சத்தத்தில் வைத்து வேலை செய்யுங்கள். அதற்கு மனைவியிடம் அனுமதி வேண்டும், அது வேறு விடயம்.

அடுத்து அந்தப் பாட்டைக் கைப்பேசியில் என் அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். அவ காதுக்குக் கருவி போடுகிறவ. முழுவதும் கேட்டுவிட்டுச் சொன்னா: “தபேலா நல்லாக் கேக்குது, தம்பி. என்ன பாடுகினம் எண்டுதான் விளங்கேல்லை.”

எங்கள் பாடல்களில் சொல் விளங்காவிட்டால் என்ன இருக்கிறது? வீட்டில் படுக்கையில் இருந்தபடி, கைப்பேசியில் மட்டும் சபையோடு சேர்கிறவர்கள் எங்களில் எத்தனை பேர்? ஆகவே எல்லா ஸ்லைடரையும் அடிவரை கீழே இறக்கினேன். முன்பாட்டுக் குரலை மட்டும் கூரைக்கு நல்ல தூரம் கீழே வைத்து, அதன் பக்கத்தில் ஒவ்வொன்றாக மெல்ல ஏற்றினேன். சொல் மறையத் தொடங்கும் இடத்தில் நிறுத்தி, சற்று இறக்கினேன்.

ஆனாலும் ஆர்மோனியம் வந்தவுடன் சொல் மங்கியது. வல்லின எழுத்துகளின் தெளிவு பெரும்பாலும் 2000 ஹெர்ட்ஸ் தொடக்கம் 4000 ஹெர்ட்ஸ் வரையான பகுதியில் இருக்கிறது. ஆர்மோனியத்தின் கூர்மையும் அதே இடத்தில்தான். இரண்டு பேர் ஒரு கதிரையில் இருக்கப் பார்க்கிறார்கள். ஈக்யூ என்ற வசதியால் ஆர்மோனியத்தில் அந்தப் பகுதியை மட்டும் 3 டெசிபல் குறைத்தேன். ஆர்மோனியம் வாசித்த அண்ணாவுக்கு வித்தியாசம் தெரியவில்லை, இன்றுதான் சொல்கிறேன். சொற்கள் மேலே வந்துவிட்டன.

தபேலா மட்டும் எவ்வளவு இறக்கியும் அடங்கவில்லை. காரணம், அது தன் மைக்கில் மட்டும் இல்லை. பக்கத்தில் நின்ற பெண்கள் குழுவின் மைக்குகளுக்குள்ளும் புகுந்திருந்தது. பெண்களின் குரல் போகாத தாழ்ந்த பகுதியை, 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே, அந்த இரண்டு தடங்களிலும் வெட்டியதும் இடது பக்கத் தபேலாவின் கும்கும் பெருமளவு போனது. அடுத்த முறை தபேலாவைத் தள்ளி வைப்போம். நாற்காலியை நாலடி நகர்த்தினால் முடிகிற வேலைக்கு நாலு இரவு செலவழித்தேன்.

இனி நான் சொல்லத் தயங்கிய பகுதி. அவவிடம் கேட்டு, அனுமதியோடுதான் சொல்கிறேன்.

பெண்களின் இரண்டாவது மைக்குக்கு மிக அருகில் நின்றவ எங்கள் குழுவில் வயதில் மூத்த ஆச்சி. குரல் நடுங்கும். நீண்ட சுரங்களில் கொஞ்சம் இறங்கும். மைக் கிட்ட இருந்ததால் மற்றவர்களைவிட அவவின் குரலே எடுப்பாகக் கேட்டது. இரவு ஒரு மணிக்கு, யாரையும் கேட்காமல், அந்தத் தடத்தில் மியூட்டை அழுத்தினேன். பாட்டு துப்புரவாக ஒலித்தது. அதை மாதிரிக்காகக் குழுவின் வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். எல்லோரும் கைதட்டும் படம் போட்டார்கள்.

ஆச்சிக்கு அவவின் பேரன் போட்டுக் காட்டியிருக்கிறான். அடுத்த வெள்ளி பயிற்சிக்கு அவ வரவில்லை. ஞாயிறன்று குழுவோடு நிற்காமல் பின்வாங்கில் இருந்தா. தொண்டை சரியில்லையாம். எனக்குத் தெரியும், தொண்டையில் ஒன்றும் இல்லை.

அந்த வாரம் பாட்டைத் திரும்பக் கேட்டபோது இன்னொன்று உறுத்தியது. பல்லவிக்குப் பெண்கள் திரும்புகிற இடம் ஒவ்வொரு முறையும் சிதறிக் கேட்டது. ஒருவர் முந்த, ஒருவர் பிந்த. இளையவர்கள் பயிற்சி செய்யவில்லை என்று நினைத்தேன். பிறகு மியூட்டை எடுத்து, அலைகளைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இரண்டாவது மைக்கில் முதலில் ஒரு மூச்சு. உடனே அழுத்தமான முதல் எழுத்து. அதன் பின்னால்தான் மற்ற எல்லோரும். அந்த மூச்சு ஆச்சியுடையது. குழு முழுவதும் அவவைப் பிடித்துக்கொண்டு உள்ளே போகிறது. அவவை எடுத்துவிட்டதால் மற்றவர்கள் பிந்துவதுபோலக் கேட்டிருக்கிறது. அந்த மெட்டின் வளைவுகளைச் சின்ன வயதிலேயே பாடிப் பழகியவ அவ. மற்றவர்களுக்கு அது தாளில் இருந்து வந்தது.

நல்லவேளை, மியூட் என்பது அழிப்பது அல்ல. நாலு தட நாடாவாக இருந்து, கலந்து இறக்கியிருந்தால் முடிந்த கதை. தடம் அப்படியே இருந்தது. திரும்ப ஏற்றினேன். முதல் மைக்கைவிட 5 டெசிபல் கீழே வைத்தேன். ஒன்றைச் சற்று இடப்பக்கமும் மற்றதைச் சற்று வலப்பக்கமும் நகர்த்தினேன். திடீரென்று எழும் இடங்களை மட்டும் மெல்ல அமர்த்துகிற கம்ப்ரசரைப் போட்டேன். அதிகமாகப் போட்டால் குரலில் உயிர் போய்விடும். சுருதியைத் திருத்தும் மென்பொருள்களும் உண்டு. அதை நான் தொடவில்லை. அந்த நடுக்கம் கேட்கிறது. கேட்கட்டும்.

மடிக்கணினியையும் ஹெட்போனையும் எடுத்துக்கொண்டு ஆச்சி வீட்டுக்குப் போனேன். செய்ததைச் சொன்னேன். அவ ஒன்றும் பேசவில்லை. தேத்தண்ணி வைத்துத் தந்தா. ஹெட்போனைப் போட்டு இரண்டு தரம் கேட்டா. இரண்டாவது தரம் பல்லவி வருகிற இடத்தில் வாயசைத்தா. பிறகு கழற்றி வைத்துவிட்டு, “எல்லாம் சரி. தபேலா இன்னும் கூடத்தான், தம்பி” என்றா.

வீட்டுக்கு வந்து தபேலாவை இன்னும் ஒன்றரை டெசிபல் குறைத்தேன். அவ சொன்னது சரி. இன்று உங்கள் கையில் இருப்பது அந்தப் பதிவுதான்.

மடிக்கணினியைப் பின்மேசையில் வைத்திருக்கிறேன். 11 தடங்களும் திறந்தபடி இருக்கின்றன. பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து, சோலோவை அழுத்தி, உங்கள் அம்மாவோ அப்பாவோ எந்தத் தடத்தில் இருக்கிறார்கள் என்று தேடிப் பார்க்கலாம். ஜூஸை மட்டும் தூர வைத்துவிட்டு வாருங்கள்.