திண்ணையிலிருந்து கைப்பேசிக்கு

 

என் வாப்பா காலத்தில் அஸர் தொழுத பெரியவர்கள் மஃரிப் வரை பள்ளிவாசல் திண்ணையில்தான் இருப்பார்கள். வானொலியில் நாகூர் ஹனிபா பாடினால் தெருவே கேட்கும். 1975-இல் சென்னைக்குத் தொலைக்காட்சி வந்தது. அதையும் ஆரம்பத்தில் அக்கம்பக்கத்தார் ஒரே வீட்டில் கூடித்தான் பார்த்தோம். பிறகு வீட்டுக்கொரு பெட்டி. இன்று ஆளுக்கொரு கைப்பேசி. தாம்பரம், சேலையூர், பல்லாவரம் எங்கும் வீடுகள் அடுக்குமாடிகளாகித் திண்ணையும் போய்விட்டது. தாய்மார்களின் வாசற்படிப் பேச்சும் அதோடு போயிற்று.

கைப்பேசியை நான் குறை சொல்லவில்லை. கிராஅத் கேட்கலாம், துபாயிலுள்ள பேரனின் முகம் பார்க்கலாம். ஆனால், "இரண்டு வக்துக்கு ஆளைக் காணோமே" என்று அது வந்து கதவைத் தட்டாது. அண்மையில் ஒரு பெரியவர் குளியலறையில் விழுந்து கிடந்தது மறுநாள்தான் தெரிந்தது. கைப்பேசி கட்டிலில் இருந்தது.

இளைஞர்களே, வாரம் ஒருநாளாவது வீட்டுப் பெரியவரை அஸருக்கு அழைத்து வாருங்கள். மஃரிப் வரை பேசவிடுங்கள். பக்கத்து வீட்டுப் பாட்டிமாரைப் பார்த்துவர உங்கள் உம்மாவை அழைத்துச் செல்லுங்கள்.

ஓய்வு நேரம் என்ற அருட்கொடையில் பலர் இழப்படைவதாக நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள். நம் பெரியவர்களின் இழப்புக்கு நாம் காரணமாகிவிட வேண்டாம். வஸ்ஸலாம்.