கேக்குது பிள்ளை, விளங்கேல்லை

(சங்கத்தின் நூற்றாண்டு விழா ஒன்றுகூடலின் முதல்நாள் அமர்வில் ஆற்றிய உரை)



காது, மூக்கு, தொண்டை வைத்தியரைப் பேசக் கூப்பிட்டால் செவிச் சுகாதாரம் பற்றிப் பேசுவார் என்றுதான் செயற்குழு எதிர்பார்த்திருக்கும். அதுவும் வரும். அதற்கு முன்னர் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். நாளை மாலை எங்கள் பாடசாலைக் கீதம் கீபோட், வயலின், பேஸ் கிற்றார், டிரம்ஸ் எல்லாம் சேர்ந்த இசைக்குழுவோடு பாடப்படும் என்ற செய்தி வட்ஸ்அப் குழுவில் வந்த இரவு, "இது எங்கட கீதம் இல்லை, கலியாணவீட்டுப் பாட்டு" என்று நீளமாக எழுதியவள் நான்தான். ரொறன்ரோவிலிருந்தும் சிட்னியிலிருந்தும் கைதட்டல் குறிகள் வந்து குவிந்தன. பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்த இளம் ஆசிரியை அடுத்த நாள் காலையில் ஒரு சொல்லும் பேசாமல் குழுவைவிட்டு விலகிவிட்டார். இப்போது இந்த மண்டபத்தின் பின்கதவருகே நிற்கிறார். அவரிடம் நேரே பேசத் தைரியம் போதாமல், துணைக்கு ஓர் அமெரிக்கக்காரரை அழைத்து வந்திருக்கிறேன். பெயர் பொப் டிலன்.

எனக்கு அவரை அறிமுகப்படுத்தியது ஒரு சைக்கிள். 1990இல் மின்சாரம் நின்றபின் யாழ்ப்பாணத்தில் பாட்டுக் கேட்ட விதம் என் வயதுக்காரருக்குத் தெரியும், பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து வரும் மின்சாரத்தில் றேடியோவும் கசெற்றும் கேட்போம். கை களைத்தால் பாட்டும் களைக்கும். குரல் இழுபட்டு இழுபட்டு மாடு கத்துவதுபோல வரும். கொழும்பிலிருந்த மாமா முன்னொருகால் விட்டுப்போன கசெற் ஒன்று எங்கள் வீட்டில் இருந்தது. டிலன் 1965 மார்ச்சில் வெளியிட்ட இசைத்தட்டின் பிரதி அது. ஒரு பக்கம் முழுக்க மின்கிற்றார், டிரம்ஸ் என்று இசைக்குழுவோடு. மறுபக்கத்தில் பெரும்பாலும் ஒரு கிற்றார், ஒரு மவுத்ஓர்கன், அந்த மூக்கால் பாடும் குரல். அண்ணாவுக்கு முதற்பக்கம். எனக்கு இரண்டாம் பக்கம். ஜாம்போத்தல் விளக்கடியில் நாங்கள் பிடித்த சண்டையை 1965இல் அமெரிக்காவே பிடித்து முடித்துவிட்டது என்பது எனக்குப் பல வருடங்களுக்குப் பிறகுதான் தெரியும்.

அந்தச் சண்டையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். அறுபதுகளின் தொடக்கத்தில் நாட்டார் பாடல் அமெரிக்க இளைஞருக்கு ஒரு நம்பிக்கையாக இருந்தது. மரக்கிற்றாரோடு தனியாக நின்று பாடுபவர் உண்மை பேசுகிறார், மின்கிற்றாரும் டிரம்ஸும் சந்தைக்கான சரக்கு என்று பலர் நினைத்தார்கள். டிலன் அவர்களுடைய பிள்ளை. 1963 ஓகஸ்ற் 28இல், மார்ட்டின் லூதர் கிங் பேசிய அதே வாஷிங்டன் பேரணியில் பாடியவர். நியூபோர்ட் நாட்டார் இசைவிழாவில் 1963இலும் 1964இலும் அவரைத் தலையில் தூக்கிவைத்தார்கள். 1965 ஜூலை 25, ஞாயிறு இரவு, அதே மேடைக்கு அவர் மின்கிற்றாரோடு வந்தார். வயது 24. பின்னால் போல் பட்டர்ஃபீல்டின் புளூஸ் குழுவைச் சேர்ந்த சிலரும், ஓர்கனுக்கு அல் கூப்பரும். முதல்நாள் இரவு மட்டும்தான் ஒத்திகை. மூன்று பாட்டுகள். சபையில் ஒரு பகுதி கூச்சலிட்டது, ஒரு பகுதி கைதட்டியது.

எதற்காகக் கூச்சலிட்டார்கள் என்பது இன்றுவரை தீராத வழக்கு. துரோகம் என்று கோபித்தவர்கள் இருந்தார்கள். மூன்றே பாட்டோடு இறங்கிவிட்டாரே என்று கோபித்தவர்களும் இருந்தார்கள். பாட்டுச் சொல் ஒன்றும் கேட்கவில்லை என்று கத்தியவர்களும் இருந்தார்கள். நாட்டார் பாடகர்களில் மூத்தவரான பீற் சீகர் கோடரியால் ஒலிவாங்கிக் கம்பியை வெட்டப்போனார் என்று ஒரு கதை உண்டு. கோடரி இருந்தால் வெட்டியிருப்பேன் என்று தான் சொன்னதை சீகரே பிற்காலத்தில் ஒத்துக்கொண்டார்; ஆனால் மின்கிற்றார் மீது தனக்குக் கோபமில்லை, ஒலி சிதைந்து சொல் விளங்காமற் போனதுதான் கோபம் என்றார். இன்னொரு தகவலும் சொல்லப்படுவதுண்டு. சீகரின் வயதான தந்தை, இசையறிஞர் சார்ள்ஸ் சீகர், அங்கே காதுக்கருவியோடு இருந்து அந்தச் சத்தத்தில் அவதிப்பட்டாராம். அதை வாசித்தபோது என் தொழில்புத்தி விழித்துக்கொண்டது.

என்னிடம் வரும் முதியவர்கள் அநேகமாக ஒரே வசனத்தைத்தான் சொல்வார்கள்: "கேக்குது பிள்ளை, விளங்கேல்லை." வீட்டார் இதை நம்புவதில்லை. "வேண்டாததெல்லாம் கேக்கும், நாங்கள் சொல்லுறது மட்டும் கேக்காது" என்பார்கள். அம்மா சொல்வது உண்மை. பேச்சில் பலமான பகுதி உயிரொலி. அது பெரும்பாலும் தாழ்ந்த அதிர்வெண்களில் இருக்கிறது. ஒரு சொல்லை மற்றச் சொல்லிலிருந்து பிரித்துக் காட்டும் மெய்யொலிகள் பல மெல்லியவை, அவற்றின் அடையாளம் 2000 ஹேட்ஸுக்கு மேலே இருக்கிறது. வயது போகப்போக முதலில் தேய்வது அந்த மேற்பகுதிதான். ஆகவே குரல் கேட்கும், சொல் விளங்காது. இதற்கு மேல் இன்னொரு சங்கதி: தாழ்ந்த பெரிய ஒலி தனக்கு மேலேயுள்ள மெல்லிய ஒலியை மூடிவிடும், உயர்ந்த ஒலி தாழ்ந்ததை அந்த அளவுக்கு மூடாது. பேஸ் கிற்றாரும் பெரிய டிரம்மும் பாடகரின் சொல்லை விழுங்குவது இப்படித்தான். இளங்காது மிச்சத்தை ஊகித்துக்கொள்ளும். எழுபது வயதுக் காதுக்கு அந்த ஊகம் கடினம். காதுக்கருவி டிரம்ஸையும் சேர்த்துத்தான் பெருப்பித்துக் கொடுக்கும்.

நியூபோர்ட்டுக்குப் பிறகு கதை இன்னும் மோசமானது. டிலன் தன் கச்சேரியை இரண்டாக வகுத்தார். முதற்பாதி தனியே, மறுபாதி இசைக்குழுவோடு. முதற்பாதியைக் கோயிலில் இருப்பதுபோல அமைதியாகக் கேட்பார்கள், மறுபாதியில் கூக்காட்டுவார்கள். காசு கொடுத்து நுழைவுச்சீட்டு வாங்கிக் கூக்காட்டுவதற்கென்றே வந்தவர்கள்! டிரம்ஸ் வாசித்த லீவொன் ஹெல்ம் அந்த வருட முடிவில், இது எனக்குச் சரிவராது என்று குழுவைவிட்டுப் போய் எண்ணெய்க் கிணற்றில் வேலை செய்தார். அவரும் இருபதுகளில் இருந்தவர்தான். இந்த இடத்தை வாசித்தபோது எங்கள் இளம் ஆசிரியையின் நினைவு வந்தது. பாடகர் தாங்கிக்கொண்டார், உலகப்புகழ் அவருக்கு ஒரு கவசம். பின்னாலிருந்து வாசித்த பிள்ளைக்கு எந்தக் கவசமும் இருக்கவில்லை.

1966 மே 17இல் மான்செஸ்ரர் ஃபிரீ ட்ரேட் மண்டபத்தில் ஒருவர் "யூதாஸ்!" என்று கத்தினார். அண்மையில் வந்த திரைப்படம் அந்தக் கூச்சலைத் தூக்கி நியூபோர்ட்டில் வைத்துவிட்டது. என் மகள் அதையே சரித்திரம் என்று வாதாடுகிறாள். வெளிநாட்டுப் பயிற்சிக்காக மான்செஸ்ரரில் இருந்த காலத்தில் நான் அந்தக் கட்டிடத்தைத் தாண்டித்தான் நடப்பேன். பழைய முகப்பு அப்படியே இருக்கிறது, உள்ளே ஹோட்டல். கத்தியது தான்தான் என்று பிற்காலத்தில் ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் உரிமை கோரினார்கள். அவர்களில் ஒருவர் சொன்ன காரணம் எனக்குப் பிடித்தது: மின்கிற்றாரைவிட அன்றைய படுமோசமான ஒலியமைப்பே தன்னைக் கோபப்படுத்தியது என்றார். அதைச் சொல்வதற்கு யூதாஸ் என்ற பெயர் வேண்டியதில்லை. "சத்தத்தைக் குறையுங்கோ" என்றால் போதும். ஆனால் கோபம் வந்தால் எங்களுக்குச் சின்னச் சொல் வாயில் வருவதில்லை. "கலியாணவீட்டுப் பாட்டு" என்று எழுதியவள் சொல்கிறேன்.

டிலன் தன் பாடசாலை மலரில் எழுதிய ஒரு வரியையும் சொல்ல வேண்டும், இது மலர்க்குழுவினருக்கு. மினசோட்டா மாநிலத்தில் ஹிபிங் என்ற சுரங்க ஊர். 1959இல் உயர்தரப் பாடசாலையை விட்டுப்போகும்போது, எதிர்கால இலட்சியம் என்ற இடத்தில், லிற்றில் றிச்சார்டோடு சேர்வது என்று போட்டிருக்கிறார். லிற்றில் றிச்சார்ட், அந்தக் காலத்தின் அதிசத்தமான றொக் அன் றோல் பாடகர். மாணவனாக இருந்தபோது பாடசாலை மேடையில் டிலன் பியானோவை அடித்த அடியில் அதிபர் ஒலிவாங்கியை நிறுத்திவிட்டார் என்றும் ஒரு கதை. (அதிபர் அவர்கள் சிரிக்கிறார்.) அப்படியென்றால் மின்கிற்றார் அவருக்குப் புதிய துரோகமல்ல, பழைய வீடு. இடையில் வந்ததுதான் மரக்கிற்றார். ரசிகர்கள் இடையில் வந்து சேர்ந்தவர்கள். தாங்கள் முதலில் கேட்டதையே தொடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

போன கிழமை எங்கள் சங்கீத ரீச்சரைப் பார்க்கப் போனேன். என் பக்கம் ஒரு சாட்சி தேடித்தான் போனேன், மறைக்கவில்லை. சுருதிப்பெட்டி ஒன்றை மட்டும் வைத்து எங்களுக்குக் கீதம் பழக்கியவர் அவர். 1995 ஒக்ரோபர் 30 இரவு ஊரே வெளிக்கிட்டு நடந்து, தென்மராட்சியில் ஒரு கொட்டிலில் பாடசாலை மீண்டும் தொடங்கியபோது அந்தச் சுருதிப்பெட்டியும் இல்லை. மாமரத்தடியில் வெறும் குரலில் பாடினோம். வந்துசேராத பிள்ளைகளின் இடம் வரிசையில் வெறுமையாகவே இருந்தது. எனக்கு அந்தக் கீதம் அந்த மாமரத்தடிதான். அதற்கு மேல் ஒரு டிரம் அடி விழுந்தாலும் யாரையோ மிதிப்பதுபோல இருக்கும்.

ரீச்சர் முழுவதையும் கேட்டார். கேட்டாரா, என் வாயைப் பார்த்து விளங்கிக்கொண்டாரா தெரியாது. பிறகு சொன்னார்: "நீங்கள் பாடினது அரைவாசிப் பாட்டு பிள்ளை." எங்களுக்கு முந்தியவர்கள் மண்டபத்துப் பியானோவோடு இரண்டு குரலாகப் பிரிந்து அதைப் பாடியிருக்கிறார்கள். மண்டபக் கூரையில் ஷெல் விழுந்தபின் பியானோவுக்குள் மழை இறங்கியது, மிச்சத்தைக் கறையான் பார்த்துக்கொண்டது. "நான் விரும்பியே சுருதிப்பெட்டியை எடுத்தனான்? வேற என்ன கிடந்தது?" என்றார். இரண்டாம் குரலின் மெட்டை அவர் இத்தனை வருடமும் மனத்தில் வைத்திருந்து, இவ்வருடம் ஒருவருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். அந்த இளம் ஆசிரியைக்கு. நாளை வயலின் வாசிக்கப்போவது அந்த மெட்டைத்தான்.

எனக்கு அங்கே பேச்சு வரவில்லை. தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வந்தேன்.

தங்கச்சி, பின்கதவடியில் நிற்கும் உங்களிடம் இந்தச் சபையறிய மன்னிப்புக் கேட்கிறேன். டிரம்ஸ் எனக்கு இன்னும் பிடிக்கவில்லை, அதையும் பொய் சொல்லாமல் சொல்லிவிடுகிறேன். ஆனால் நான் எழுதியது டிரம்ஸைப் பற்றிய வசனமல்ல, உங்களைப் பற்றிய வசனமாகப் போய்விட்டது.

இனி வைத்தியராக மூன்று வேண்டுகோள். மரியாதைக்காக எங்கள் ஆசிரியைகளை முன்வரிசையில், பெரிய ஒலிபெருக்கிப் பெட்டிக்கு நேரே இருத்துவது வழக்கம். தயவுசெய்து வேண்டாம், நடுப்பகுதியில் மூன்றாம் நான்காம் வரிசை நல்லது. கீதத்தின் வரிகளைப் பெரிய எழுத்தில் அச்சடித்து ஒவ்வொரு கதிரையிலும் வையுங்கள்; கண் பார்த்தால் காது பாதி வேலையைச் செய்தால் போதும். பிள்ளைகள் பாடும் இடங்களில் பேஸும் டிரம்ஸும் ஒரு படி இறங்கட்டும், பாடாத இடங்களில் ஆசை தீர அடிக்கட்டும்.

இன்று நான்கு மணிக்கு ஒத்திகை. நான் போய் ரீச்சரைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். எந்தக் கதிரையில் இருந்தால் சொல் விளங்குகிறது என்று அவரே சொல்லட்டும். டிரம்ஸ் வாசிக்கும் பதினோராம் வகுப்புப் பிள்ளை, ரீச்சர் கையை உயர்த்தினால் நிறுத்தச் சொல்கிறார் என்று பயப்பட வேண்டாம். அவர் எங்களுக்கும் தாளம் அப்படித்தான் காட்டுவார்.