முச்சந்திச் செய்திகள்



வெள்ளி என்னும் கிரகம் ஞாயிற்றை ஒரு முறை வலம்வர ஏறத்தாழ 225 நாள்கள் ஆகின்றன. தன்னைத் தானே ஒரு முறை சுற்றுவதற்கோ 243 நாள்கள் வேண்டும். ஒரு சுழற்சி முடிவதற்குள் அங்கே ஓர் ஆண்டு கடந்து போய்விடுகின்றது. ஒக்டோபஸ் என வழங்கும் எட்டுக் கைகளையுடைய கடலுயிருக்கு இதயங்கள் மூன்று. அதன் குருதியில் இரும்புக்குப் பதிலாகச் செம்பு இருப்பதனால் அக்குருதி நீல நிறமானது. எகிப்திய அரசி கிளியோபாத்திரா வாழ்ந்த காலம், அந்நாட்டின் பெரிய பிரமிட்டு எழுந்த காலத்திலும் பார்க்க, மனிதன் சந்திரனில் கால் பதித்த 1969ஆம் ஆண்டுக்கே அண்மையானது.

இம்மூன்று செய்திகளும் உண்மையானவை. இவற்றை அறிந்ததனால் யாருடைய அடுப்பிலும் உலை கொதிக்கப் போவதில்லை. எந்தப் பரீட்சையிலும் ஒரு புள்ளி கூடப் போவதுமில்லை. ஆயினும் இவற்றைக் கேட்டவுடன், அருகில் இருப்பவரை நோக்கி, "இதை நீர் அறிவீரா?" என்று வினவ நம் நா துடிக்கின்றது. பயனொன்றும் இல்லாத செய்தியைப் பிறரோடு பகிர்வதில் மனிதனுக்கு ஏன் இத்துணை விருப்பம்? இவ்விருப்பம் வீண் பொழுதுபோக்குத்தானா? இன்று இவ்வினாவையே சிறிது ஆராய எண்ணுகின்றேன்.

இத்தகைய துணுக்குகளை ஆங்கிலேயர் 'ட்ரிவியா' என்பர். இச்சொல்லின் வேர் இலத்தீன் மொழியில் உள்ளது. 'ட்ரி' என்றால் மூன்று. 'வியா' என்றால் வழி. மூன்று வழிகள் கூடும் இடம், அஃதாவது நமது முச்சந்தி, அதுவே அச்சொல்லின் மூலப்பொருள். முச்சந்தியில் எவரும் நிற்கலாம், எதனையும் பேசலாம். ஆதலின் 'முச்சந்திக்குரியது' என்பது நாளடைவில் 'எளியது', 'சாமானியமானது' என்னும் பொருளைத் தந்தது. வேறொன்றும் உண்டு. இடைக்கால ஐரோப்பியக் கல்விக்கூடங்களிலே இலக்கணம், தருக்கம், சொல்வன்மை என்னும் மூன்று அடிப்படைக் கலைகளையும் ஒருங்கே 'ட்ரிவியம்' என்று அழைத்தனர். கல்வியின் வாயிலுக்கும் தெருவோரப் பேச்சுக்கும் ஒரே வேரிலிருந்து பெயர் கிடைத்திருக்கின்றது.

இப்பொருத்தம் நமக்குப் புதிதன்று. நம் கிராமங்கள் பலவற்றிலே சந்தியை அண்டி ஒரு வாசிகசாலை இருக்கக் காண்கின்றோம். உள்ளே ஒருவர் பத்திரிகையைப் படிப்பார். வெளியே நால்வர் நின்று அச்செய்தியை அலசுவர். படிப்பு எங்கே முடிந்தது, பேச்சு எங்கே தொடங்கியது என்று கோடு கிழித்துக் காட்டுதல் அரிது.

பயனற்ற வினா ஒன்று எவ்வளவு தொலைவுக்கு ஒருவரை இழுத்துச் செல்லும் என்பதற்கு ஒரு வரலாறு சொல்வேன். 1951ஆம் ஆண்டிலே, கின்னஸ் என்னும் பியர் வடிக்கும் கம்பனியின் முகாமைப் பணிப்பாளராகிய சேர் ஹியூ பீவர், அயர்லாந்தின் வெக்ஸ்போர்ட் பகுதியில் நண்பர்களோடு பறவை வேட்டைக்குச் சென்றார். குறி தவறிற்று, பறவை பறந்து போயிற்று. ஐரோப்பாவில் வேட்டையாடப்படும் பறவைகளுள் மிக விரைந்து பறப்பது யாது என்ற விவாதம் அவர்களிடையே எழுந்தது. அன்றிரவு நூல்களைப் புரட்டியும் விடை கிட்டவில்லை. மதுச்சாலைகளில் ஒவ்வோர் இரவும் இத்தகைய விவாதங்கள் எழுமே, அவற்றைத் தீர்த்து வைக்கும் நூலொன்று இருந்தால் எவ்வளவு நன்று என்று அவர் எண்ணினார். அவ்வெண்ணத்தின் விளைவாக, நொரிஸ், ரொஸ் மக்வேட்டர் என்னும் இரட்டைச் சகோதரர் தொகுத்த கின்னஸ் சாதனை நூல் 1955ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஒரு பறவையின் வேகத்தை அறிவதனால் ஆவது யாது என்று அன்று எல்லோரும் படுக்கச் சென்றிருந்தால், உலகெங்கும் சிறுவரும் பெரியோரும் விரும்பிப் புரட்டும் அந்நூல் தோன்றியிராது.

நிற்க. பயனற்ற செய்தியின் மெய்யான பெறுமதி நூலிலோ விற்பனையிலோ இல்லை என்பது என் கருத்து. அதனைக் காண இங்கிலாந்திலே பட்னி என்னும் இடத்தில் இருந்த ஒரு நோயாளியின் படுக்கையருகே செல்லவேண்டும். ஈரோட்டிலே பிறந்து கும்பகோணத்திலே வளர்ந்த சீனிவாச இராமானுசன், 1914ஆம் ஆண்டில் கேம்பிறிட்ஜ் சென்று, ஹார்டி என்னும் கணிதப் பேரறிஞரோடு சேர்ந்து ஆராய்ந்தவர். போர்க்காலம், குளிர்நாடு, ஏற்ற உணவும் இல்லை. நோய் அவரை வீழ்த்திற்று. அவரைப் பார்க்க வந்த ஹார்டி, தாம் ஏறிவந்த வாடகைக் காரின் இலக்கம் 1729 என்றும், அது சுவையற்ற எண்ணாகத் தோன்றியது என்றும் கூறினார். இராமானுசன் உடனே அதனை மறுத்தார். இரண்டு கனங்களின் கூட்டாக இரு வேறு வழிகளில் எழுதக்கூடிய எண்களுள் மிகச் சிறியது அதுவே என்றார். ஆம்; 1இன் கனத்தையும் 12இன் கனத்தையும் கூட்டினால் 1729 வரும்; 9இன் கனத்தையும் 10இன் கனத்தையும் கூட்டினாலும் அதுவே வரும்.

அச்செய்தியால் நோய் தணியவில்லை. 1919இல் தாயகம் மீண்ட அவர் அடுத்த ஆண்டே, தமது 32ஆவது வயதில், காலமானார். ஆயினும் அப்படுக்கையருகே நிகழ்ந்ததைச் சிந்தித்துப் பாருங்கள். நலம் விசாரிக்க வந்தவருக்கும் நோயுற்றவருக்கும் இடையே பேச்சு வறண்டுபோகும் வேளை அது. அவ்வேளையிலே வழங்கப்பட்ட அச்சிறு எண், இருவரையும் மீண்டும் ஒத்த நிலையில் இருத்திவிட்டது. பொருளைக் கொடுத்தால் கொடுத்தவனிடம் குறைகின்றது. அறிவுரை கூறினால் கேட்பவன் சற்றுத் தாழ்ந்து நிற்கவேண்டியிருக்கின்றது. சுவையான செய்தியொன்றைக் கொடுப்பதில் இவ்விரு குறைகளும் இல்லை. அது கைம்மாறு கருதாத கொடை.

இவ்வாறு கூறும்போது, "இன்று பயனற்றது நாளை பயன்தரலாம் அன்றோ?" என்று சிலர் துணைக்கு வருவர். அதுவும் மெய்யே. தம் ஆராய்ச்சியால் உலகியலில் யாதொரு பயனும் விளையவில்லை என்று ஹார்டி 1940இல் வெளியிட்ட நூலொன்றில் எழுதினார். அவர் போற்றிய எண்கோட்பாட்டின் துணைகொண்டே 1977ஆம் ஆண்டில் ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் ஆகிய மூவர் புதியதொரு மறைகுறி முறையை வகுத்தனர். இரு பெரும் பகா எண்களைப் பெருக்குதல் எளிது. பெருக்கத்தொகையிலிருந்து அவ்விரண்டையும் பிரித்தெடுத்தல் மிகக் கடினம் என்பதே அதன் அடிப்படை. கணினி வழியே பணம் அனுப்புவோரின் இரகசியங்களை இத்தகைய முறைகள் காத்து வந்துள்ளன. ஆனால் எல்லாத் துணுக்குகளும் இவ்வாறு பயன்தரும் என எதிர்பார்த்தல் தகாது. ஒக்டோபஸின் மூன்றாம் இதயம் நம் வங்கிக் கணக்கைக் காக்கும் என்று நான் உறுதிகூற மாட்டேன்.

இவ்விடத்திலே நம் தீவின் பெயரோடு தொடர்புடைய ஒரு சொல் நினைவுக்கு வருகின்றது. தேடாத நற்பேறு தற்செயலாகக் கிட்டுவதை ஆங்கிலத்தில் 'செரண்டிப்பிற்றி' என்பர். ஹொறேஸ் வோல்போல் என்னும் ஆங்கில எழுத்தாளர் 1754ஆம் ஆண்டு ஜனவரி 28ஆம் திகதி எழுதிய கடிதமொன்றில் இச்சொல்லைப் படைத்தார். செரண்டிப் என்பது அராபியரும் பாரசீகரும் இலங்கைக்கு இட்ட பழைய பெயர். 1557இல் வெனிஸ் நகரில் அச்சேறிய, செரண்டிப்பின் இளவரசர் மூவரைப் பற்றிய கதையே அச்சொல்லுக்கு அடிப்படை. அவ்விளவரசர் வழியிலே ஒரு புறத்துப் புல் மட்டும் மேயப்பட்டிருக்கக் கண்டனர்; அவ்வழியே சென்ற ஒட்டகத்துக்கு ஒரு கண் குருடு எனத் துணிந்தனர். அது மெய்யாயிற்று. பிறர் மிதித்துச் சென்ற புல்லை அவர்கள் நின்று பார்த்தனர் என்பதிலேதான் கதையின் நயம் முழுவதும் அடங்கியிருக்கின்றது.

அதே 1754ஆம் ஆண்டில், ஸ்ருக்கிலி என்னும் ஆங்கிலப் பழம்பொருள் ஆராய்ச்சியாளர் வேறொரு கடிதத்தில், சீனப் பெருஞ்சுவர் சந்திரனிலிருந்து பார்த்தாலும் தெரியலாம் என்று எழுதினார். எவரும் சந்திரனுக்குச் செல்வதற்கு இருநூறாண்டுகளுக்கு முன்பே எழுந்த இக்கூற்று, பின்னர் நூலுக்கு நூல் தாவிப் பாடப்புத்தகம் வரை சென்றது. உண்மை யாது? சந்திரன் சராசரியாக 3,84,400 கிலோமீற்றர் தொலைவில் உள்ளது. அவ்வளவு தொலைவிலிருந்து நோக்கினால் நமது இலங்கைத் தீவு முழுவதுமே கண்ணுக்கு ஒரு சிறு புள்ளியாகத்தான் இருக்கும். சில மீற்றர் அகலமேயுள்ள சுவர் எங்ஙனம் தெரியும்? 2003ஆம் ஆண்டில் விண்வெளி சென்ற முதற் சீனராகிய யாங் லிவெய், பூமியைச் சுற்றி மிக அண்மையில் பறந்தபோதே அச்சுவரைத் தாம் காணவில்லை என்றார்.

பொய்த் துணுக்கு எவ்வளவு எளிதாகக் குடிபுகும் என்பதற்கு இன்னொரு சான்றும் உண்டு. அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரொன்றிலே, கொழும்பு நகரின் ஆங்கிலப் பெயரைப் போல ஒலிக்கும் 'கொலம்போ' என்ற துப்பறிவாளர் வருவார். அவருடைய முதற்பெயர் தொடரில் எங்கும் சொல்லப்படுவதில்லை. துணுக்குக் களஞ்சியமொன்றை 1974இல் வெளியிட்ட பிரெட் வேர்த் என்பவர், தம் நூலைப் பார்த்து எழுதுவோரைப் பிடிக்கும் பொறியாக, அப்பெயர் 'பிலிப்' என்று வேண்டுமென்றே பொய்யாக எழுதிவைத்தார். சில ஆண்டுகளில், புகழ்பெற்ற வினாவிடை விளையாட்டாகிய 'ட்ரிவியல் பர்சூட்'டின் அட்டையொன்றில் அப்பிலிப் தோன்றினார். 1984இல் வேர்த் வழக்குத் தொடுத்தார், தோற்றார். செய்திகள் எவருக்கும் தனியுடைமை ஆகா என்பதே நீதிமன்றத்தின் முடிவு. தீர்ப்பு எவ்வாறாயினும், சரிபார்க்காமல் எழுதியவர் பொறியில் சிக்கியது சிக்கியதுதான்.

ஒருவனின் பெயர் பிலிப்பா அன்றா என்பதனால் எவருக்கு என்ன நட்டம் என்று நேயர்கள் கேட்கலாம். நட்டம் எவருக்கும் இல்லை. ஆனால் பழக்கம் என்ற ஒன்று உண்டு. சிறு செய்தியை ஆராயாமல் கைமாற்றிப் பழகியவன், பெருஞ்செய்தி வரும்போதும் அவ்வாறே செய்வான். 2020ஆம் ஆண்டில் கொரோனாத் தொற்று பரவிய வேளையிலே, மதுசாரம் அருந்தினால் அந்நோய் அணுகாது என்ற வதந்தி ஈரானிலே பரவிற்று. அதனை நம்பி, நஞ்சாகிய மெதனோல் கலந்த பானத்தை அருந்திப் பல நூறு பேர் மாண்டனர். வதந்தியைக் கைமாற்றியவருள் பெரும்பாலோர் கொடியோராய் இருந்திரார். பிறருக்கு நன்மை செய்வதாகவே எண்ணியிருப்பர். அன்று முச்சந்தியில் நால்வர் காதுக்கு மட்டும் எட்டிய பேச்சு, இன்று கைத்தொலைபேசி வழியே ஒரு நாழிகைக்குள் நாலாயிரம் பேரை எட்டுகின்றது.

ஆதலின், பயனற்ற செய்திகளைச் சேர்ப்பதையும் பகிர்வதையும் நாம் கைவிடவேண்டுவதில்லை. உண்மை பேசுவதற்கு அதுவே நல்ல பயிற்சிக்களம். இலாபமும் நட்டமும் இல்லாத இடத்தில் உண்மையைப் பேணுபவன், அவை வந்து நெருக்கும் இடத்திலும் பேணுவான். பிள்ளையொன்று சுவையான செய்தியொன்றைக் கொண்டுவந்தால், "இது எதற்கு உதவும்?" என்று அதன் முகத்தை வாடச் செய்யாதீர்கள். "இதனை முதலிற் சொன்னவர் யார்? நாம் இருவரும் கணக்குப் போட்டுப் பார்ப்போமா?" என்று கேளுங்கள். அவ்விரு வினாக்களையும் கேட்கப் பழகிய பிள்ளை, எந்தச் சந்தியில் நின்றாலும் எளிதில் ஏமாறாது. பிறரை ஏமாற்றவும் செய்யாது.