கற்பிட்டிக் கரையில் தேனிலவு

திருமணம் நிகழ்ந்த வீட்டிலே ஓய்வு என்பது மணமக்களுக்குக் கிடைப்பதில்லை. மறுவீடு, உறவினர் விருந்து, கோயில் வழிபாடு என்று கடமைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கின்றன. பெற்றோர் பேசி முடித்த திருமணமாயின், பத்துத் தடவைகூடத் தனியே பேசியறியாத இருவர், நூறு பேர் நடுவிலே கணவனும் மனைவியுமாக நடக்கப் பழகிக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஆதலின், நாலைந்து நாளேனும் சுற்றத்தார் கண்ணுக்கு அப்பாற் சென்று தங்கி வரும் வழக்கம், மேனாட்டிலிருந்து வந்ததாயினும், தமிழர் இல்லங்களிலும் வேரூன்றிவிட்டது. தேனிலவு என்ற சொல்லும் தமிழிலேயே பிறந்த சொல்லைப் போல ஆகிவிட்டது.

அச்சொல்லைக் கேட்டவுடன் பனிமலையும் கம்பளிச் சட்டையும் பலருக்கு நினைவில் எழுகின்றன. 1961ஆம் ஆண்டில் வெளிவந்த, காஷ்மீரத்தில் எடுக்கப்பட்ட, ஸ்ரீதரின் ‘தேன் நிலவு’ திரைப்படத்துக்கு அதில் ஒரு பங்கு உண்டு போலும்! இலங்கையிலும் நுவரெலியாவை நாடுவோர் பலர். ஆனால், குளிரை விரும்பாத மணமக்களுக்கு வடமேற்குக் கரையிலே வேறோர் இடம் இருக்கிறது. கொழும்பிலிருந்து நீர்கொழும்பு, சிலாபம் வழியாகப் புத்தளத்தை நோக்கிச் செல்லும் பாதையிலே, பாலாவியில் இடப்புறம் திரும்பினால், நீண்டு ஒடுங்கிய நிலம் ஒன்று வடக்கு நோக்கி ஓடுகிறது. அதன் மேற்கே பெருங்கடல். கிழக்கே புத்தளம் களப்பு. வடமுனைக்கு அப்பால் சிறு தீவுகள். அந்நிலத்தின் நுனியை அடுத்திருப்பதே கற்பிட்டி.

தேனிலவுக்குத் திட்டமிடுவோர் இடத்தை முதலிலே தெரிவுசெய்து, அங்கே செய்ய வேண்டியவற்றைப் பட்டியலிட்டு, பின்னரே நாளைக் குறிக்கின்றனர். கற்பிட்டியைப் பொறுத்தவரை இம்முறை பயன்படாது. இங்கே பட்டியலைத் தயாரிப்பது காற்று. தமிழர் திருமணங்கள் பெரும்பாலும் தையிலும் வைகாசியிலும் ஆவணியிலும் நடைபெறுகின்றன. இந்த மூன்று மாதங்களிலும் இக்கடல் ஒரே கடலன்று.

தை மாதத்து மணமக்கள் நற்பேறு பெற்றவர்கள். கார்த்திகை தொடங்கிப் பங்குனி வரையில் மேற்குக் கடல் பெரும்பாலும் அடங்கியிருக்கும். ஓங்கில் எனப்படும் டொல்பின்களைக் காணப் படகுகள் புறப்படும் காலம் இதுவே. இங்கு மிகுதியாகக் காணப்படுவது, நீரினின்றும் மேலெழுந்து பம்பரம்போலச் சுழன்று வீழும் சிறிய இனம். சில நாட்களில் நூற்றுக்கணக்கானவை ஒரே கூட்டமாகச் செல்வதும் உண்டு. மாசி, பங்குனியில் ஆழ்கடலை ஒட்டித் திமிங்கிலங்களும் தென்படுகின்றன.

இப்பயணத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனெனில், கற்பிட்டிக்குச் செல்வோர் பெரிதும் எதிர்பார்ப்பதும், சிலர் பெரிதும் ஏமாறுவதும் இதிலேதான். படகு விடியற்காலையிற் புறப்பட வேண்டும். வெயில் ஏற ஏறக் காற்றும் ஏறும். முதல்நாள் இரவு விருந்துண்டு களைத்தவர்கள் மறுநாட் காலையிலேயே படகேறுவது நன்றன்று; இடையே ஒருநாள் விட்டுச் செல்வது தகும். வயிறு நிறைய உண்ணாமலும், வெறும் வயிற்றுடனும் இல்லாமல், இலேசாக ஏதேனும் உட்கொண்டு செல்லுதல் வேண்டும். உயிர்காப்பு அங்கி இல்லாத படகு எத்துணை மலிவாயினும் அதில் ஏறலாகாது. இன்னொன்று: இந்த டொல்பின்கள் இரவிலே இரை தேடிப் பகலிலே இளைப்பாறுபவை. கூட்டத்தின் நடுவே படகைச் செலுத்தித் துரத்துமாறு படகோட்டியைத் தூண்டுவோர், அவற்றின் உறக்கத்தைக் கெடுக்கின்றனர். எட்ட நின்று இயந்திரத்தின் வேகத்தைக் குறைத்தால், அவை தாமாகவே அருகில் வருவதும் உண்டு. வாராமற் போவதும் உண்டு. வாராத நாளிற் படகோட்டியைக் கடிந்துகொள்ளும் கணவனை மனைவி அன்றுதான் முதன்முறையாக அறிந்துகொள்கிறாள்.

கடல் அடங்கிய இக்காலத்திலேயே பவளப் பாறைகளைக் காணவும் இயலும். பார் ரீஃப் எனப்படும் அப்பாறைத் தொகுதி 1992இல் கடற் சரணாலயமாக்கப்பட்டது. 1998இலும் 2016இலும் கடல் நீர் அளவுக்கு மீறிச் சூடேறியதால் பவளங்கள் வெளிறி மடிந்தன. பழைய வண்ணப் படங்களைப் பார்த்துவிட்டுச் செல்வோர் இதனை அறிந்து செல்வது நல்லது. எஞ்சியவற்றின்மீது காலூன்றி நிற்பது பெருங்கேடு.

இனி வைகாசி. தென்மேற்குப் பருவக்காற்று எழுந்துவிட்டால் பெருங்கடலிற் சிறுபடகுகள் செல்வது அரிது. டொல்பின் பயணத்துக்கு முன்பணம் கட்டி வந்த தம்பதிகள் கரையில் நின்று அலையைப் பார்த்துத் திரும்புவது இம்மாதங்களில்தான். ஆனால் இதே காற்றைத் தேடிக் கடல் கடந்து வருவோரும் உளர். பெரிய பட்டமொன்றைப் பற்றிக்கொண்டு பலகைமீது நின்று நீரிற் பறக்கும் விளையாட்டுக்கு உலகெங்கிலுமிருந்து இளைஞர் இங்கே வந்து கூடுகின்றனர். மூன்று நாள் தங்க வருபவர் அதனைக் கற்றுவிட எண்ணுவது வீண். பயிற்சிக்கே பல நாள் வேண்டும். பார்த்து மகிழ்வதற்குக் காசு வேண்டியதில்லை. இருவரும் நீரில் இறங்க விரும்பினால் களப்பு இருக்கவே இருக்கிறது. கண்டற் காடுகளின் ஓரமாக, மாலையிலே, துடுப்புப் படகிற் செல்லும்போது கேட்பவை பறவைகளின் ஒலியும் துடுப்பின் ஒலியுமே. முன்பின் பேசிப் பழகாத இருவர் மனம்விட்டுப் பேச இதைவிட வாய்ப்பான இடம் கிடைப்பது அரிது.

ஆவணியிலும் காற்று முற்றும் தணிவதில்லை. ஆயினும் அது திருவிழாக் காலம். சிலாபத்தை அடுத்த முன்னேஸ்வரத்தில் மகோற்சவம் ஆவணியை ஒட்டியே நடைபெறுகிறது. தலவில புனித அன்னம்மாள் ஆலயத்தில் ஆகஸ்டு மாதத்திலே பெருங்கூட்டம் கூடும். தனிமையை நாடி வருவோர் இந்நாட்களைத் தவிர்க்கலாம். கூட்டத்தை விரும்புவோர் தேடியே வரலாம்.

காற்று வகுத்த பயணத்துக்கு இக்கரையிலேயே பழைய சான்று ஒன்று உண்டு. 1344ஆம் ஆண்டில் மொறோக்கோ நாட்டு யாத்திரிகர் இபன் பதூதா, மாலைதீவிலிருந்து தமிழகத்துக் கரையை நோக்கிப் புறப்பட்டார். மூன்று நாளில் முடிய வேண்டிய பயணம் ஒன்பது நாள் நீண்டது. கப்பல் வந்து சேர்ந்ததோ இலங்கையில்! புத்தளத்திலே ஆரியச் சக்கரவர்த்தி அவரை வரவேற்று, வேண்டுவதைக் கேட்குமாறு கூறியபோது, பாவாத மலையைத் தரிசிப்பதைத் தவிர வேறு விருப்பம் தமக்கில்லை என்றாராம். மன்னரும் பல்லக்கும் துணையாட்களும் கொடுத்து அனுப்பினார். எண்ணாத கரையில் இறங்கியவர் நூறு விருப்பங்களை அடுக்கவில்லை. ஒன்றையே கேட்டார், அதுவும் நிறைவேறியது.

மணமக்களும் அவ்வாறே ஆளுக்கொரு விருப்பத்தைச் சொல்லி, ஏனையவற்றைக் காற்றுக்கு விட்டுவிடலாம். ஆனால் ஆளுக்கொன்று என்பதிலேதான் இடர் இருக்கிறது. பெரும்பாலான இல்லங்களிலே தேனிலவின் திட்டம் மணமகனுடையது. அவனுடைய நண்பர்கள் சென்று வந்த இடம், அவர்கள் சொன்ன விடுதி. மணமகளைக் கேட்டால், “உங்கள் விருப்பம்” என்பாள். அது விடையன்று, பழகாதவரிடம் பெண்கள் காட்டும் மரியாதை. கடலைக் கண்டு அஞ்சுபவளாக இருக்கலாம். நீந்த அறியாதவளாக இருக்கலாம். ஆழ்கடலைக் காணவேண்டுமென்று சிறுவயது முதல் ஏங்கியவளாகவும் இருக்கலாம். இரண்டாம் முறையும் கேட்டால்தான் இது தெரியவரும். புத்தளத்துக்கு வடக்கே வில்பத்துக் கரையிலுள்ள குதிரைமலையில் அல்லி அரசாணி ஆண்டாள் என்பது செவிவழிக் கதை. ஆணையே வெறுத்த அவ்வரசியை அருச்சுனன் வஞ்சித்து மணந்தான் என்று கூறுவார்கள். அவளை யாரும் கேட்கவில்லை.

பழைமையில் நாட்டமுடையோர்க்கு ஒல்லாந்தர் 1667இல் கட்டத் தொடங்கி 1676இல் முடித்த கோட்டை இருக்கிறது. கண்டி அரசின் கடல் வாணிகத்தை அடைப்பதற்கென எழுந்த அது பின்னர் கடற்படையின் பொறுப்புக்கு வந்தது. ஆதலின் உள்ளே செல்ல அவர்களுடைய அனுமதி வேண்டும். ‘தமிழ் புளூட்டாக்’ எழுதிய சைமன் காசிச்செட்டி 1807இல் பிறந்ததும் இவ்வூரிலேதான். அரைநாள் இவற்றுக்குப் போதும்.

விடுதி விளம்பரங்களைப் பார்ப்போர், ஆளில்லாத தீவும் வெண்மணலும் தமக்கெனவே காத்திருப்பதாக எண்ணக்கூடும். அத்தீவுகளில் மீனவர்களின் வாடிகள் உள்ளன. சிலாபத்திலிருந்தும் நீர்கொழும்பிலிருந்தும் பருவந்தோறும் வந்து தங்குவோரும் உண்டு. இரண்டாயிரத்துக்குப் பிந்திய ஆண்டுகளில் பதினான்கு தீவுகளை உல்லாசத் தலமாக்க அரசு திட்டமிட்டபோது, மீனவர் அதனை எதிர்த்ததும் கரையை இழந்துவிடுவோம் என்ற அச்சத்தினாலேயே. நிலப்பகுதியிலோ, 1990 ஒக்டோபரில் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களிற் பெருந்தொகையினர் வந்து குடியமர்ந்தனர். இது வெற்றுக் கரையன்று. கரைவலை இழுக்குமிடத்திலே கயிற்றைத் தாண்டிச் செல்லாமல் சற்று விலகி நிற்பதும், ஊருக்குள் செல்கையில் ஊருக்கேற்ற உடை அணிவதும், கேளாமற் படம் எடுக்காதிருப்பதும் விருந்தினர்க்கு அழகு. வலை கரையேறியதும் அங்கேயே மீன் வாங்கலாம். விலையைப் பேசும் பொறுப்பை மனைவியிடம் விட்டுவிடுவது கணவனுக்கு நலம்.

படகு போகாத நாளுக்கும் ஓர் ஏற்பாடு வேண்டும். களப்பு நண்டுக் கறியும் சோறும் இவ்வூரில் விரும்பி உண்ணப்படுவன. உண்ண விரும்புவோர் தங்கியிருக்கும் வீட்டாரிடம் முதல்நாள் மாலையிலேயே சொல்லிவைத்தல் நன்று. நல்ல நண்டு காலையிலேயே கொழும்புக்குப் போய்விடும்.