போலீசு வேலைக்குத் தயாராகும் பிள்ளைகளுக்கு

விடியுமுன் கண்மாய்க் கரையில் ஆணும் பெண்ணுமாய் ஓடும் நம் பிள்ளைகளைப் பார்க்கிறோம். 18 வயதும் 10-ஆம் வகுப்புத் தேர்ச்சியும் இருந்தால் இரண்டாம் நிலைக் காவலர் பரீட்சை எழுதலாம். ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிஷத்தில் ஓடி முடிக்க வேண்டும். கடிகாரம் தாயத்துக்குக் கட்டுப்படாது. ஆகவே, நேர்ச்சைக்கும் ஜோசியனுக்கும் அழும் காசை முட்டைக்கும் புஸ்தகத்துக்கும் செலவழியுங்கள் என்கிறோம்.

ஆனால், கால்களை மட்டும் பழக்கினால் போதுமா? இதே மதுரைச் சீமையில், பிறந்த ஜாதியைக் கொண்டே மனிதனைத் திருடனென்று எழுதிவைத்துக் கைரேகை வாங்கினார்கள். அதை எதிர்த்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3-ந் தேதி போலீசு சுட்டு 16 பேர் மாண்டார்கள். 1947-இல்தான் அச்சட்டம் சென்னை மாகாணத்தில் ஒழிந்தது. பிறப்பைக் கண்டு சந்தேகிக்கும் புத்தி ஒழிந்ததா?

ரேகை பதித்தவர்களின் பேரப்பிள்ளைகளும் இன்று அதே காக்கிக்காக ஓடுகிறார்கள். பிள்ளைகளே! ஸ்டேஷன் வாசலில் வந்து நிற்பவனை, "நீ என்ன ஜாதி?" என்று கேளாமல், "என்ன நடந்தது?" என்று கேட்கும் யோக்கியதையையும் இப்போதே பழகுங்கள். அதற்கு 18 வயது ஆகவேண்டியதில்லை.