ஓலை கொண்டு போனவன்



எதைப் பற்றிப் பேசப் போகிறாய் என்று சங்கச் செயலாளர் கேட்டார். "பொன்னியின் செல்வன் சார்" என்றேன். "மெக்கானிக்கல்காரனுக்கு எதுக்குப்பா சோழர் கதை?" என்று சிரித்தார். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத்து, மில்லிங் என்று காலம் தள்ளுகிறவன்தான் நான். ஆனாலும் காரணம் இருக்கிறது.

இன்று நம் வீட்டுப் பிள்ளைகள் ஆங்கிலத்தில் மாயாஜாலக் காவியங்களைத் தேடித் தேடிப் படிக்கிறார்கள். அவற்றுக்கெல்லாம் பெரியண்ணன், டோல்கீன் எழுதிய 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்'. அதன் முதல் பாகம் 1954-ல் வெளிவந்தது. 1950-லிருந்து கல்கி வார இதழில் தொடராக வந்த பொன்னியின் செல்வன் முடிந்ததும் அதே 1954-ல்தான். அங்கே மோதிரத்தைச் சுமப்பவன் ஃப்ரோடோ என்கிற குள்ளன். இங்கே ஓலையைச் சுமப்பவன் வந்தியத்தேவன். கதாநாயகன் என்று யாரும் முதலில் கை காட்டக்கூடிய ஆட்கள் இல்லை இருவரும்!

வந்தியத்தேவன் வாணர் குலத்தவன். ஆனால் ஆள நாடு கிடையாது. ஆதித்த கரிகாலன் தந்த இரண்டு ஓலைகளோடு குதிரையேறி வருகிறான். ஒன்று சுந்தர சோழருக்கு, இன்னொன்று குந்தவைக்கு. ஆள் அவசரக்காரன். வாய் சும்மா இருக்காது. சரளமாகப் பொய் சொல்வான். அழகான பெண்ணைக் கண்டால் தடுமாறுவான். போகிற இடமெல்லாம் மாட்டிக்கொள்வான். செய்யாத குற்றத்துக்கும் பழி வரும். முதுகில் குத்தியவன் இவன்தான் என்று நண்பன் கந்தமாறனே நம்பிவிடுகிறான்.

நாவலின் பெயரும் அவனுடையது அல்ல. அது பின்னாளில் ராஜராஜ சோழரான அருள்மொழிவர்மருடையது. அவரோ இரண்டாம் பாகத்தில்தான் நேரில் வருகிறார். அதுவரை வீராணம் ஏரிக்கரை, தஞ்சை, பழையாறை, கோடிக்கரை என்று நம்மை அழைத்துப் போகிறவன் இவன்தான். இளவரசனுக்கு எல்லாக் கதவும் தானாகத் திறக்கும். இவன் ஒவ்வொரு கதவையும் தட்ட வேண்டும். நாமும் கூடவே நின்று தட்டுகிறோம். எத்தனை சொதப்பினாலும், ஒப்புக்கொண்ட வேலையை நடுவழியில் போட்டுவிட்டு மட்டும் ஓடமாட்டான். அந்த ஒரு குணத்தில்தான் கதையே நிற்கிறது.

இதை இந்த மேடையில் ஏன் சொல்கிறேன்? இங்கே பல நாற்காலிகள் காலியாக இருக்கின்றன. வராத ஒரு நண்பனிடம் போனில் பேசினேன். "வந்து சொல்றதுக்கு நான் என்னடா சாதிச்சுட்டேன்?" என்றான். ஆவடியிலிருந்து ஷிப்ட் வேலைக்குப் போய்க்கொண்டே, அப்பாவின் டயாலிசிஸையும் தங்கையின் கல்யாணத்தையும் தனி ஆளாகப் பார்த்தவன் அவன். தன் ஓலையைச் சேர்க்க வேண்டிய இடத்தில் சேர்த்தவனுக்கு இந்தக் கூட்டத்தில் இடமில்லை என்றால், வேறு யாருக்கு இருக்கிறது?

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் வந்தியத்தேவர் பெயர் குந்தவையின் கணவர் என்ற அளவில் வருகிறது. அந்தச் சின்னக் குறிப்புக்குத்தான் கல்கி ஐந்து பாகங்களில் உயிர் கொடுத்தார். நம் சங்க மலரில் ஒரே வரியில் வரும் பெயர்களுக்குப் பின்னாலும் ஐந்து பாகம் இருக்கும்.

2022-லும் 2023-லும் வந்த படங்களைப் பார்த்தாச்சே என்று விட்டுவிடாதீர்கள். மொத்தம் 293 அத்தியாயங்கள். ஆவடியில் ரயிலேறி சென்ட்ரல் போவதற்குள் ஒன்று என்று வைத்தால், பத்து மாதத்தில் முடித்துவிடலாம். படித்து முடியுங்கள். அதற்கு முன், இன்று வராத ஒரு நண்பனுக்காவது இன்றிரவே போன் செய்யுங்கள்.